நீர் புகுந்த வழி: தோட்டத்து லேண்ட்ரோவரை வீட்டு முற்றத்தில் செப்பனிடுதல்

அத்தியாயம் 5

கோல சிலாங்கூருக்கும் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜூந்தைக்கும் இடையே, சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் தோட்டங்களில், வெள்ளை உலோகத் தகட்டின் மேல் பச்சை வர்ணம் மங்கிப்போன ஒரு பழைய லேண்ட்ரோவராவது ஏதேனும் ஒரு வீட்டின் சாய்ப்பின் கீழ் இன்றும் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கியது இப்பகுதியிலுள்ள தென்னமரம் தோட்டத்திலேதான். நம் முன்னோரின் மொழியிலேயே பெயர் தாங்கிய அத்தோட்டத்தையும் அதன் அண்டைத் தோட்டங்களையும் ஊடறுக்கும் மண்சாலைகளில், மழைக்காலத்துச் சேற்றை மிதித்துக்கொண்டு துரைமாரையும் கண்டக்டர்மாரையும் சுமந்து திரிந்த இவ்வாகனங்கள், காலாந்தரத்தில் தோட்டத்தாரால் விற்கப்பட்டு, நம்மவர் கைகளுக்கு வந்து சேர்ந்தன.

என் தந்தையார் அவ்வாறான வண்டியொன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவர். பழுதென்று யாரேனும் அழைத்தால் அவர் முதலில் பானெட்டைத் திறக்கமாட்டார். ஒரு சாக்கை விரித்து வண்டியின் அடியில் படுத்துவிடுவார். “தம்பி, தண்ணி எந்த வழியா உள்ளே போச்சுன்னு முதல்ல பாரு; மத்ததெல்லாம் அப்புறம்” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையே இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரம். கடலோரக் களிமண்ணும், உப்புக் காற்றும், வடிகால் நீரும் சூழ்ந்த நம் பிரதேசத்தில் பழைய நாற்சக்கர இயக்க வாகனத்தைக் கெடுப்பது முதுமையன்று, நீரே என்பதை உணர்ந்தவர், எதை முதலில் செப்பனிடுவது, எதைப் பின்னர் மாற்றியமைப்பது என்ற கிரமத்தைத் தாமாகவே அறிந்துகொள்வார்.

இத்தகைய உழைப்பு வீணாகுமோ என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம் சொல்வேன். 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்ட ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் சிலர், இரண்டு லேண்ட்ரோவர்களில் பர்மாவையும் சயாமையும் கடந்து, மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அவ்விரு வண்டிகளில் ஒன்று பிற்காலத்தில் செயின்ட் ஹெலினா தீவில் சிதைந்து கிடந்து, மீட்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2019-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் சாலை வழியாகவே ஓடிச் சென்றது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு வாகனம் அவ்வாறு எழுந்து நிற்குமாயின், நம் சாய்ப்பின் கீழ் நிற்பதைக் கைவிட நியாயமில்லை.

1. வண்டியின் வரிசையை அறிதல்

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட்ரோவரின் முதல் வரிசைக்குப்பின், 1958-இல் இரண்டாம் வரிசையும், 1961-இல் ‘டூ-ஏ’ எனப்படும் அதன் திருந்திய உருவமும், 1971-இல் மூன்றாம் வரிசையும் வெளிவந்தன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 88 அங்குலமா, 109 அங்குலமா என்பதை அளந்து தெரிந்துகொள்ளுங்கள். ஏனெனில் பிரேக் டிரம் முதலிய பல சாமான்கள் இவ்விரண்டுக்கும் வேறுபடும். முகப்பு விளக்குகள் நடுவே கம்பிவலைக்குள் இருப்பின் அது முந்தியது. மட்கார்டுகளின் முகப்புக்கு நகர்ந்திருப்பின் பெரும்பாலும் அறுபதுகளின் இறுதிக்குப் பிற்பட்டது. ஆனால் தோட்டத்துப் பட்டறைகளில் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்துவது வழக்கமாதலால், வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல், சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் கண்ணால் கண்டு, அவை வண்டியின் பதிவுப் பத்திரமாகிய கிராண்டில் குறித்த எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்த பின்பே ஒரு வெள்ளியையேனும் செலவிடத் தொடங்க வேண்டும்.

2. முற்றத்தை ஆயத்தம் செய்தல்

நம் ஊர் முற்றங்கள் பெரும்பாலும் களிமண் தரைகள். மழை பெய்த மறுநாள் ஜாக்கை வைத்தால், வண்டி உயர்வதற்குப் பதிலாக ஜாக் தாழும். ஆகையால் இரண்டு அங்குலக் கனமுள்ள கெட்டிப் பலகையை அடியில் இட்டு, அதன் மேல் ஜாக்கை நிறுத்துங்கள். வண்டி உயர்ந்ததும் அச்சின் அடியிலோ சேசிஸின் அடியிலோ இரும்பு முக்காலிகளை வைத்து, பாரத்தை அவற்றின் மேல் இறக்கிவிட்ட பின்பே உடம்பை உள்ளே நுழைக்க வேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் முட்டுக் கொடுப்பது உயிருக்கு அபாயம். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இவ்வண்டிக்கே உரிய விசேஷமான ஆபத்து ஒன்றுண்டு. மற்றக் கார்களில் கைபிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். பழைய லேண்ட்ரோவரிலோ அது டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறத்தில், பின் புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்குமிடத்திலுள்ள ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. பின் சக்கரங்களில் ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்திய மாத்திரத்தில், டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் விடுதலை பெற்றுவிடுவதால், இழுத்து வைத்த கைபிரேக் இருந்தும் இல்லாததற்குச் சமமாகும். எனவே எந்தச் சக்கரத்தை உயர்த்தினாலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக் கட்டைகளை அடித்து வைப்பதை ஒருநாளும் மறவாதீர்கள்.

3. அடிச்சட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குக்குப் பஞ்சம் இருந்தமையால், இவ்வண்டியின் உடல் அலுமினியக் கலவைத் தகட்டினால் அமைக்கப்பட்டது. அதனாலேயே உடல் துருப்பிடியாமல் நிற்க, அதனைத் தாங்கும் உருக்குச் சட்டமோ கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போகிறது. சேசிஸ் என்பது நான்கு தகடுகளை ஓரங்களில் இணைத்துப் பற்றவைத்த உள்ளீடற்ற பெட்டி. சேறு அதன் துவாரங்கள் வழியே உட்புகுந்து, வெளியேற வழியின்றி அடைத்துக்கொண்டு, ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். கடலோரச் சதுப்பை வடித்துப் பயிரிட்ட நம் நிலங்களில் பல அமிலத்தன்மை வாய்ந்தவை. அடிமண்ணிலுள்ள கந்தகத் தாது காற்றுப்பட்டதும் கந்தக அமிலமாக மாறுவதால், தோட்டத்து வடிகால்களில் ஓடும் பழுப்பு நீர் உருக்கை அரிக்கும் வேகம் சாதாரண மழைநீரைவிட மிக அதிகம்.

சட்டத்தைச் சோதிக்கும் முறை எளிது. அழுத்தமான நீர்பாய்ச்சிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் உலரவிட்டு, சிறிய சுத்தியலால் ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். உறுதியான இடம் மணிபோல் ஒலிக்கும். அரித்த இடம் அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பின்முனைக் குறுக்குச்சட்டம், ஓட்டுநரின் முன்னுள்ள தடுப்புச் சுவரைத் தாங்கும் பக்கக் கரங்கள், ஸ்பிரிங்குகள் தொங்கும் காதுகள், பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து செல்லும் பகுதி ஆகிய நான்கு இடங்களையும் இரண்டு முறை தட்டிப் பாருங்கள்.

அரித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டுவது ஏமாற்று வேலை. இரண்டுக்கும் இடையே நீர் தங்கி, முன்னிலும் விரைவாகத் தின்னும். உறுதியான உலோகம் தென்படும் வரை வெட்டியெடுத்து, மூலத் தகட்டின் கனத்துக்கு ஒத்த தகட்டை வைத்து, விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாகப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் பயிலாதவர் இந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்த பொமனிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. வெட்டுவதும், துடைப்பதும், தகட்டை அளந்து அமைப்பதும் நாமே செய்யலாம். மின்வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டர் இருப்பின் அதன் இணைப்பையும் பிரியுங்கள். 88 அங்குல வண்டியில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் இருப்பதால், அதனை வண்டியிலிருந்து இறக்கித் தொலைவில் வைக்காமல் நெருப்பைக் கையில் எடுக்கலாகாது. காலியான தொட்டியே நிறைந்த தொட்டியினும் கொடியது. அதனுள் நிற்பது ஆவி.

பற்றவைத்து வர்ணம் பூசிய பின், சட்டத்தின் துவாரங்கள் வழியே நீண்ட குழலைச் செலுத்தி, துருத்தடுப்பு மெழுகெண்ணெயை உட்புறம் முழுவதும் தெளியுங்கள். அடியிலுள்ள வடிதுவாரங்களை மட்டும் அடைத்துவிடாமல் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். உட்புகும் நீருக்கு வெளியேறும் வழி இருப்பதே சட்டத்தின் ஆயுள். அலுமினியத் தகடு உருக்கின் மேல் நேரே அமரும் இடங்களில், ஈரம் இரண்டுக்கும் இடையே மின்கலம்போல் செயற்பட்டு அலுமினியத்தை வெண்பொடியாக்கிவிடும். அவ்விடங்களில் வர்ணம் பூசி, மெல்லிய ரப்பர்ப் பட்டையை இடையிட்டு முடுக்குங்கள்.

4. அச்சும் முன்சக்கர மூட்டும்

அச்சுக் கூடுகளிலும், கியர் பாக்ஸிலும், டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலும், முன்சக்கரம் திரும்பும் ஸ்விவல் மூட்டுகளிலும் ஈ.பி. 90 எண்ணெயே இடப்படுகிறது. வண்டி இரவு முழுவதும் அசையாமல் நின்றபின், காலையில் ஒவ்வொரு வடிதிருகையும் சிறிதே தளர்த்துங்கள். நீர் எண்ணெயினும் கனமானது. கூட்டின் அடியில் தங்கி, முதலில் வெளிப்படும். எண்ணெய் பால் தேநீராகிய தே தாரேக்கின் நிறத்தில் குழம்பியிருந்தால், நீரும் எண்ணெயும் கலந்து நெடுநாள் சுழன்றிருக்கின்றன என்பது தெளிவு. அந்நிலையில் எண்ணெயை மாற்றுவதோடு நில்லாமல், பேரிங்குகளையும் பற்சக்கரங்களையும் பரிசோதிப்பது அவசியம்.

நீர் எவ்வாறு புகுந்தது? நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய அச்சு, வடிகாலின் குளிர்ந்த நீரில் இறங்கியதும், அதனுள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. அச்சின் மேலுள்ள சிறிய மூச்சுவால்வு காற்றை வெளியே விடுமேயன்றி உள்ளே விடாது. போதாக்குறைக்குச் சேற்றால் அடைபட்டும் இருக்கும். ஆகவே உள்ளே உண்டாகும் வெற்றிடம் ஆயில் சீல்களின் இடுக்கு வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வால்வை நீக்கி, ஒரு குழாய் முனையைப் பொருத்தி, எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர்க் குழாயை அதில் மாட்டி, மறுமுனையை பானெட்டின் கீழ் உயரமான இடத்துக்குக் கொண்டுசென்று கட்டிவிட்டால், அச்சு எப்போதும் காற்றையே சுவாசிக்கும். சில வெள்ளிகளில், ஒரு பிற்பகலில் முடியும் இவ்வேலையைவிடப் பிரயோஜனமான மாற்றம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்விவல் மூட்டின் பளபளப்பான கோளத்தை விரலால் தடவிப் பாருங்கள். குரோமியப் பூச்சு உரிந்து குழிகள் விழுந்திருப்பின், எத்தனை புதிய சீல் போட்டாலும் அக்குழிகள் அதன் உதட்டை அறுத்துவிடும். கோளத்தையே மாற்றுவதுதான் பரிகாரம். எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டிக் கிரீஸை அடைத்து ஒழுக்கை மறைப்போர் உளர். இம்மூட்டு எண்ணெயில் தோய்ந்து இயங்கவே வகுக்கப்பட்டது என்பதால், அதனைத் தற்காலிக உபாயமாக மட்டுமே கொள்ளலாம். சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தென்பட்டால், உதவியாளர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்; ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கரப் பேரிங்கில், மறையாவிடில் ஸ்விவல் ஊசிகளில்.

ஓர் எச்சரிக்கை: முன் குறுக்குச்சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும் ஸ்டியரிங் ரிலேயினுள் வலிமையான ஸ்பிரிங் ஒன்று அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தக்க கருவியின்றி அதனைப் பிரித்தால் துப்பாக்கிக் குண்டென வெளியே பாயும். அதற்கு எண்ணெய் இடுவதோடு நிறுத்திக்கொண்டு, பிரிப்பதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

5. பிரேக்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உடைய இவ்வண்டிகளில் பழையனவற்றுக்கு ஒரே நீர்ம வட்டமே உண்டு. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒருங்கே பிரேக்கை இழந்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இயல்பாகவே ஈர்த்துக்கொள்வது. நம் நாட்டுப் புழுக்கத்தில் அவ்வீரம் உருக்குக் குழாய்களை உள்ளிருந்தே அரித்துவிடும், சூடேறிய வேளையில் ஆவியாகி மிதியையும் தளர்த்திவிடும். ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை முற்றிலும் மாற்றி, பழைய உருக்குக் குழாய்களை நீக்கிச் செம்பு நிக்கல் கலவைக் குழாய்களை இடுவது உத்தமம். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், டிரம்மைக் கழற்றியதும் தூளைக் காற்றால் ஊதாமல், முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

6. இஞ்சினும் மின்சாரமும்

இஞ்சினைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். ஏனெனில் அது முரட்டு உழைப்பாளி, அதன் குறைகளைத் தானே ஓசையிட்டுச் சொல்லிவிடும். இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் இஞ்சினுக்கு வால்வு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பாகம்; டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி ஆயிரத்தில் 14 முதல் 16 பாகம்; தீப்பொறி விழும் கிரமம் 1-3-4-2. ஃபீலர் கேஜ் ஒன்றும் பொறுமையும் இருந்தால் இவற்றை ஒரு காலையில் சரிசெய்துவிடலாம்.

மின்சாரத்தில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. 1967-ஐ ஒட்டிய காலத்துக்கு முற்பட்ட வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதனை அறியாமல் இக்காலத்து வானொலியையோ ஆல்டர்னேட்டரையோ பொருத்தினால், அவை அக்கணமே எரிந்துபோகும்.

7. மாற்றங்களுக்கு ஓர் எல்லை

மேற்கூறிய செப்பங்கள் முடிந்த பின்பே மாற்றங்களைப்பற்றி எண்ண வேண்டும். மூச்சுக் குழாயை உயர்த்துதல், இரட்டை வட்டப் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், முகப்பு விளக்குகளுக்கு ரிலே, இருக்கைப் பட்டைகள் ஆகியவை வண்டியின் பாரத்தைக் கூட்டாமல் காப்பைக் கூட்டுவன. இவற்றைத் தயங்காமல் செய்யலாம். பெரிய டயர், வலிய இஞ்சின், உயர்த்திய ஸ்பிரிங் என்பவை வேறு வகையின. அவை ஓரிடத்தில் தரும் பலத்தை மற்றோரிடத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

இதனை நான் அனுபவத்தில் கற்றேன். என் 88 அங்குல வண்டிக்கு 6.00-16 டயர்களை நீக்கிவிட்டு 7.50-16 டயர்களை மாட்டினேன். தோற்றம் கம்பீரமாக இருந்தது. ஆறு வாரத்துக்குள், செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வடிகால் கரையில் ஏறும்போது, சேற்றில் சுழன்ற சக்கரம் திடீரெனக் கெட்டித் தரையைப் பற்றியதும், பின்புறத்தில் கட்டை முறிந்ததுபோல் ஓசை எழுந்தது. பின் ஹாஃப் ஷாஃப்ட் துண்டாகிவிட்டது. டயரின் ஆரம் கூடக்கூட அத்தண்டின் மேல் விழும் முறுக்கமும் கூடும் என்ற கணக்கை நான் முன்னமே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆயினும் இவ்வண்டியைப் படைத்தவர்களின் தீர்க்கதரிசனம் அன்று என்னைக் காப்பாற்றியது. சக்கரத்தின் பாரத்தை அச்சுக்கூடு தாங்குகிறதேயன்றி அத்தண்டு தாங்குவதில்லை. எனவே சக்கரத்தைக் கழற்றாமலே, நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளை நீக்கி, முறிந்த துண்டை உருவிவிட்டு, மஞ்சள் குமிழை அழுத்தி முன் சக்கரங்களை இயக்கத்தில் சேர்த்து, அவற்றின் இழுப்பிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மஞ்சள் குமிழைப்பற்றியும் ஒரு சொல். இவ்வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தில் திரும்பினால், முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் உருள வேண்டிய சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கி, கியர்களை இறுக்கிவிடும். சேற்றிலிருந்து தாருக்கு ஏறியதும் வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் சிவப்புக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து மீண்டும் முன்னுக்குத் தள்ளி, குமிழை விடுவியுங்கள்.

இஞ்சினை மாற்றுவோர், சேசிஸ் சட்டத்தையோ உடலமைப்பையோ மாற்றுவோர், வேலை தொடங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவாகிய ஜே.பி.ஜே.யின் அனுமதியைப் பெற்று, பின்னர் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். கிராண்டில் இல்லாத இஞ்சின் சட்டத்தின் முன் குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்கும் தடை.

8. கழிவெண்ணெயும் சோதனை ஓட்டமும்

இவ்வேலை முழுவதிலும் பத்து லிட்டருக்குக் குறையாத பழைய எண்ணெய் வெளிப்படும். அதனைக் கான் என்னும் வடிகாலின் ஓரத்தில் ஊற்றுவது நம் ஊரில் நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தை விட்டொழிக்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆற்றங்கரைக் கிராமமாகிய கம்போங் குவாந்தானின் கான்கள் சிலாங்கூர் ஆற்றில் சேருகின்றன. ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் இரவில் ஒளிரும் மின்மினிகள், புழுப்பருவத்தில் ஆற்றோரத்து ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்பவை. அம்மண்ணில் எண்ணெய் படர்ந்தால் நத்தையும் இல்லை, மின்மினியும் இல்லை. கழிவெண்ணெய் இந்நாட்டுச் சட்டப்படி அட்டவணையிட்ட கழிவு. மூடியுள்ள கலத்தில் சேர்த்துவைத்து, உரிமம் பெற்றோருக்கு அனுப்பும் பட்டறை ஒன்றில் ஒப்படையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், முதல் நாள் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். கோல சிலாங்கூர் வரை மெதுவாகச் சென்று, நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் புறங்கையை அருகில் கொண்டுசென்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் சூடாயிருந்தால், பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீடு திரும்பி, சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங்கின் யு-போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கி, வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையில் அட்டையின் மேல் விழுந்திருக்கும் துளிகளின் இடத்தையும் நிறத்தையும் ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். எண்ணெய் கசியும் சீல் நீரையும் உள்ளே விடும் என்பதால், அடுத்து எந்த இடத்தில் சாக்கை விரித்துப் படுக்க வேண்டும் என்பதை அந்த அட்டையே உங்களுக்குக் காட்டிவிடும்.